தவறான இடத்தில் எழுந்த ரேடார்: க்ராஸ்நோயார்ஸ்க், 1983–1989

ஆயுதக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தை எதிர்த்தரப்பு மீறிவிட்டது என்று ஒரு நாடு குற்றம் சாட்டுவது அடிக்கடி நடப்பதுதான். மீறிய நாடே தன் நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று, ஆமாம், மீறினோம் என்று சொன்னது அபூர்வம். 1989 அக்டோபர் 23 அன்று சோவியத் வெளியுறவு அமைச்சர் அப்படிச் சொன்னார். எகிப்தியப் பிரமிடு அளவுக்கு ஒரு ரேடார் நிலையத்தைச் சைபீரியாவில் கட்டியிருக்கிறோம், அது அமெரிக்காவுடன் செய்த 1972 ஏவுகணை எதிர்ப்பு ஒப்பந்தத்துக்கு வெளிப்படையாகவே விரோதமானது என்பது அவர் பேச்சின் சாரம்.

அந்தப் பேச்சு வரை வந்து சேர ஆறு ஆண்டுகள் பிடித்தன. அந்த ஆறு ஆண்டுகளில் யார் எதைப் பார்த்தார்கள், என்ன முடிவெடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்பதை வரிசையாகப் பதிவு செய்வதே இந்த ஆய்வு. நாட்டுத் தலைவர்களைத் தவிர மற்றவர்களைப் பதவியைக் கொண்டே குறிப்பிடுகிறேன். அந்த நாற்காலிகளில் வேறு யார் உட்கார்ந்திருந்தாலும் ஏறக்குறைய இதே சிக்கல்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பின்னணி: கேடயத்துக்கு எதற்கு வரம்பு?

தாக்கும் ஆயுதத்துக்கு வரம்பு வைப்பது யாருக்கும் புரியும். தற்காப்புக்கு ஏன் வரம்பு? 1967 ஜூனில் நியூ ஜெர்சி மாநிலத்தின் கிளாஸ்பரோ என்ற சிற்றூரில் அமெரிக்க அதிபர் ஜான்சனும் சோவியத் பிரதமர் கோசிகினும் சந்தித்தபோது இதே கேள்விதான் எழுந்தது. ஏவுகணை எதிர்ப்பு அமைப்புகளைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் வாதாட, கோசிகினுக்குக் கோபம் வந்துவிட்டது. தன்னைக் காத்துக்கொள்வது அறம், தாக்குவதுதான் அறமற்றது என்பது அவர் நிலை. கேட்கும்போது அவர் பக்கம்தான் நியாயம் இருப்பதுபோல் இருக்கும்.

அணு ஆயுதக் கணக்கு வேறு மாதிரிப் போகிறது. இரண்டு வல்லரசுகளும் ஒன்றையொன்று தாக்காமல் இருந்ததற்குக் காரணம், முதலில் அடித்தாலும் திருப்பி அடி விழும் என்ற உறுதி. இப்போது ஒரு தரப்பிடம் ஒரு கேடயம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எதிரி தன் முழுப் படையையும் ஒரே நேரத்தில் ஏவினால் அந்தக் கேடயம் தாங்காது. ஆனால் கேடயம் வைத்திருப்பவரே முதலில் அடித்து, எதிரியின் பெரும்பாலான ஏவுகணைகளைத் தரையிலேயே அழித்துவிட்டால், மிச்சமிருந்து திரும்பி வரும் கொஞ்சநஞ்சத்தை அதே கேடயம் தடுத்துவிடலாம். அதனால் எதிரியின் கண்ணுக்கு அந்தக் கேடயம் முதல் அடிக்கான ஏற்பாடாகத்தான் தெரியும். அவர் இன்னும் நிறைய வெடிமுனைகளைச் செய்வார். ஓர் ஏவுகணையின் தலையில் பல வெடிமுனைகளைப் பொருத்தும் தொழில்நுட்பம் அப்போது வந்துகொண்டிருந்தது. கேடயத்தைக் கூட்டுவதைவிட வெடிமுனைகளைக் கூட்டுவது மலிவு. இதற்கு முடிவே கிடையாது.

கோசிகின் கோபப்பட்ட ஐந்து ஆண்டுகளில் மாஸ்கோவும் இந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டது. 1972 மே 26 அன்று அமெரிக்க அதிபர் நிக்சனும் சோவியத் தலைவர் பிரெஷ்னேவும் மாஸ்கோவில் ஏவுகணை எதிர்ப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அக்டோபர் 3 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு நாட்டுக்கும் இரண்டு இடங்கள், இடத்துக்கு 100 இடைமறி ஏவுகணைகள். 1974இல் அதையும் ஒரே இடமாகக் குறைத்தார்கள். சோவியத் தரப்பு மாஸ்கோவைச் சுற்றி வைத்துக்கொண்டது. அமெரிக்கா வடக்கு டகோட்டாவில் ஏவுகணைத் தளம் ஒன்றைக் காக்க ஓர் அமைப்பைக் கட்டி, 1975இல் இயக்கத்துக்குக் கொண்டுவந்து, சில மாதங்களிலேயே மூடிவிட்டது.

ரேடார்தான் கடிவாளம்

இந்த ஒப்பந்தத்தை எழுதியவர்கள் இடைமறி ஏவுகணையைவிட ரேடாரைக் கண்டுதான் அதிகம் பயந்தார்கள். காரணம் எளிது. ஏவுகணையை ஏதாவது ஒரு தொழிற்சாலைக்குள் ரகசியமாகச் செய்து குவிக்கலாம். பெரிய ரேடாரை அப்படிச் செய்ய முடியாது. அசையாத ஒரு பிரம்மாண்டமான முகம், அதில் ஆயிரக்கணக்கான சிறு ஆன்டெனாக்கள், மின்னணு முறையிலேயே கற்றையைத் திருப்பும் ஏற்பாடு என்று அதைக் கட்டி முடிக்கப் பல ஆண்டுகள் ஆகும். நாடு முழுவதற்கும் கேடயம் போட ஒருவர் திட்டமிட்டால், முதலில் வெளியே தெரிவது இந்த ரேடார்களாகத்தான் இருக்கும்.

அதே சமயம் முன்னெச்சரிக்கை ரேடார் இரண்டு தரப்புக்கும் தேவை. ஏவுகணை வருகிறதா இல்லையா என்று சரியாகத் தெரியாத ஒரு வல்லரசுதான் மிகவும் ஆபத்தானது. ஆக, எச்சரிக்கை தரும் ரேடார் வேண்டும், ஆனால் இடைமறி ஏவுகணைகளை வழிநடத்தும் போர் மேலாண்மை ரேடார் நாடெங்கும் பரவக் கூடாது. உள்ளே இருக்கும் கருவிகளைப் பார்க்காமல் இந்த இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

ஒப்பந்தத்தின் ஆறாவது பிரிவு இதற்குக் கண்ட வழி எனக்கு இன்றும் வியப்புதான். இனி வைக்கும் முன்னெச்சரிக்கை ரேடார் எதுவாக இருந்தாலும் நாட்டின் எல்லையோரத்தில், வெளிப்பக்கம் பார்த்தபடி இருக்க வேண்டும். அவ்வளவுதான். எல்லையோரத்தில் நிற்கும் ரேடார் போரில் முதலில் அடிபடும். அதன் முதுகுப் பக்கம் இருக்கும் நகரங்களை நோக்கி வெடிமுனைகள் இறங்கும்போது அதற்கு ஒன்றும் தெரியாது. எனவே எச்சரிக்கை தரலாம், நாட்டின் உட்பகுதியைக் காக்க உதவாது. முக்கியமாக, ஒரு ரேடாரின் நோக்கத்தைச் செயற்கைக்கோளால் படம் பிடிக்க முடியாது. அது நிற்கும் இடத்தையும் பார்க்கும் திசையையும் பிடிக்கலாம். ஒப்பந்தத்தின் 12ஆம் பிரிவு சரிபார்ப்பை ஒவ்வொரு நாட்டின் சொந்தக் கருவிகளிடம், நடைமுறையில் பெரும்பாலும் உளவுச் செயற்கைக்கோள்களிடம், விட்டிருந்தது. நேரில் போய்ப் பார்க்கும் உரிமை எதுவும் கிடையாது.

கூடவே ஓர் உடன்பாட்டுக் குறிப்பும் சேர்க்கப்பட்டது. சராசரி மின்திறனை வாட்டிலும் ஆன்டெனாப் பரப்பைச் சதுர மீட்டரிலும் வைத்துப் பெருக்கினால் 30 லட்சத்தைத் தாண்டும், மின்னணு முறையில் கற்றையைத் திருப்பும் ரேடார்களை, குறிப்பிட்ட சில நோக்கங்களைத் தவிர, எங்கும் வைக்கக் கூடாது. அந்த விதிவிலக்குகளில் ஒன்று விண்வெளியில் உள்ள பொருள்களைக் கண்காணிப்பது. அதற்கு இட வரம்பு எதுவும் இல்லை. பின்னால் வந்த தகராறு முழுவதும் நுழைந்தது இந்த ஓட்டை வழியாகத்தான்.

1970களின் பிற்பகுதி: சேமிக்கப் போய்

சோவியத் முன்னெச்சரிக்கை வலையில் வடகிழக்குப் பக்கம் ஒரு பெரிய இடைவெளி இருந்தது. வட பசிபிக் கடலில் இருந்து அமெரிக்க நீர்மூழ்கிகள் ஏவினால் அந்தத் திசையில் கண் இல்லை. ஒப்பந்தப்படி அதை அடைப்பதென்றால் தூர வடக்கிலும் கிழக்கிலும் ரேடார் கட்ட வேண்டும். நிலம் ஆண்டு முழுவதும் உறைந்து கிடக்கும் பகுதி. சாலை இல்லை, ரயில் இல்லை, மின்சாரம் இல்லை. நோரில்ஸ்க், யாகூட்ஸ்க் பக்கங்களில் இரண்டு நிலையங்கள் கட்டும் யோசனை பரிசீலிக்கப்பட்டது என்று பின்னாளில் வெளியான சோவியத் தரப்புத் தகவல்கள் சொல்கின்றன. அதற்குப் பதிலாக, நாட்டின் உட்பகுதியில், ஆறும் சாலையும் ஆட்களும் உள்ள, சைபீரியாவின் க்ராஸ்நோயார்ஸ்க் பிரதேசத்தைச் சேர்ந்த யெனிசெய்ஸ்க் அருகே ஒரே நிலையம் கட்டினால் செலவு வெகுவாகக் குறையும், வேலையும் சீக்கிரம் முடியும். ராணுவத் தலைமை அதைத் தேர்ந்தெடுத்தது. ஒப்பந்தத்துக்கு இது ஒத்துவராது என்பது தெரிந்தே எடுத்த முடிவு.

இதில் என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது எடுக்கப்படாத மூன்றாவது வழி. ஒப்பந்தத்தின் 13ஆம் பிரிவின்படி ஜெனீவாவில் நிரந்தர ஆலோசனை ஆணையம் ஒன்று இயங்கியது. இரு தரப்பும் மூடிய அறையில் உட்கார்ந்து சந்தேகங்களைப் பேசுவதற்கென்றே அமைத்தது. அங்கே போய், எங்கள் வடகிழக்கு எல்லையில் கட்டிடமே நிற்காது, உட்பகுதியில் ஒன்று வைத்துக்கொள்கிறோம், பதிலுக்கு உங்களுக்கு ஏதாவது தருகிறோம் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் தங்கள் எச்சரிக்கை வலையில் எங்கே ஓட்டை இருக்கிறது என்பதை எதிரிக்குச் சொன்னதாகிவிடும் என்று நினைத்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

இன்னொன்றும் இருக்கிறது. சோவியத் அமைப்பில் ராணுவம் தன் விவரங்களைத் தன் நாட்டு வெளியுறவு அமைச்சகத்திடமே பகிர்ந்துகொள்ளாது. 1970ஐ ஒட்டி நடந்த பேச்சுவார்த்தைகளின்போது, சோவியத் ராணுவப் பிரதிநிதி ஒருவர் அமெரிக்கப் பிரதிநிதியைத் தனியே அழைத்து, எங்கள் ஆயுத விவரங்களை எங்கள் சிவிலியன் அதிகாரிகள் முன்னால் பேசாதீர்கள் என்று கேட்டுக்கொண்டாராம். ஒப்பந்தத்தைப் பேசுகிறவர்கள் ஒரு பக்கம், கட்டிடத்தைக் கட்டுகிறவர்கள் ஒரு பக்கம் என்று இருந்தால் யெனிசெய்ஸ்க் மாதிரி ஒன்று என்றாவது நடந்தே தீரும்.

1983: படத்தில் தெரிந்தது

1983 ஜூலையில் அமெரிக்க ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படங்களில் அந்தக் கட்டிடத்தை அடையாளம் கண்டார்கள். அதற்குள் கட்டுமானம் வெகுதூரம் போயிருந்தது. இவ்வளவு பெரிய வேலை முன்பே கண்ணில் படாமல் போனது அமெரிக்க உளவுத்துறைக்குப் பெருமை சேர்க்கிற விஷயமில்லை. எல்லையோரங்களைத்தான் அவர்கள் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாட்டின் நடுவே எதற்குத் தேட வேண்டும்?

பார்த்தது இதுதான். ஒன்றுக்கொன்று தள்ளி இரண்டு பெரிய கட்டிடங்கள், ஒன்று அலைகளை அனுப்புவதற்கு, அதைவிட மிகப் பெரிய இன்னொன்று வாங்குவதற்கு. வடக்கே பெச்சோராவில் சோவியத் தரப்பே முன்னெச்சரிக்கை ரேடார் என்று ஒப்புக்கொண்டிருந்த நிலையத்தின் அச்சு அப்படியே. ஆனால் இருந்த இடம் மங்கோலிய எல்லையில் இருந்து சுமார் 750 கிலோமீட்டர் உள்ளே. முகமோ அந்த எல்லையைப் பார்க்காமல் வடகிழக்கே திரும்பி, ஏறக்குறைய 4000 கிலோமீட்டர் சோவியத் நிலத்தின் மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தது. எல்லையோரமும் இல்லை, வெளிப்பக்கமும் இல்லை.

நேரம் வேறு மோசமாக அமைந்தது. நான்கு மாதங்களுக்கு முன்புதான், மார்ச் 23 அன்று, அமெரிக்க அதிபர் ரீகன் விண்வெளித் தற்காப்புத் திட்டத்தை அறிவித்திருந்தார். அந்தத் திட்டம் முழு வடிவம் பெற்றால் 1972 ஒப்பந்தத்தோடு மோதும் என்பது எல்லாருக்கும் தெரியும். இப்போது ஒப்பந்தத்தை முதலில் உடைத்தது எதிர்த்தரப்புதான் என்று காட்ட அவர் நிர்வாகத்துக்கு ஒரு பிரமிடே கிடைத்துவிட்டது.

குற்றச்சாட்டும் பதிலும்

ஜெனீவா ஆணையத்தில் அமெரிக்கா விஷயத்தை எழுப்பியது. சோவியத் பதில் ஒரே வரி: இது விண்வெளிப் பொருள்களைக் கண்காணிக்கும் ரேடார். அந்த உடன்பாட்டுக் குறிப்பின் விதிவிலக்கைத்தான் பிடித்துக்கொண்டார்கள். செயற்கைக்கோள்களைக் கண்காணிக்க வேண்டிய ரேடார் எதற்கு அடிவானத்தைப் பார்த்து நிற்கிறது, எதற்குப் பெச்சோராவின் நகலாக இருக்கிறது என்ற கேள்விகளுக்குச் சரியான பதில் வரவில்லை. கட்டி முடித்து இயக்கும்போது உங்களுக்கே புரியும் என்பதுபோல் பேச்சு போனது.

அமெரிக்காவின் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. ஆணையத்துக்குள்ளேயே சத்தமில்லாமல் பேசித் தீர்ப்பது, வெளியே சொல்லி நெருக்குவது, ஒப்பந்தத்தையே தூக்கிப் போடுவது. ரீகன் நிர்வாகம் நடு வழியை எடுத்தது. 1984 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்கு அளித்த அறிக்கையில் இது அநேகமாக நிச்சயமான மீறல் என்று எழுதியது. 1985 பிப்ரவரியில் அந்த 'அநேகமாக' போய், மீறல் என்றே வந்தது. ஆனாலும் ஒப்பந்தத்தில் இருந்து விலகவில்லை. ஒப்பந்தம் இருக்கும்வரைதான் இந்தக் கட்டிடம் ஒரு குற்றம். ஒப்பந்தம் போய்விட்டால் அது வெறும் ரேடார்.

தவறு என்று நான் நினைப்பது அடுத்த அடியை. எல்லையோரத்தில் இல்லை, வெளிப்பக்கம் பார்க்கவில்லை என்ற இரண்டு உண்மைகளே வழக்குக்குப் போதுமானவை. அதோடு நிறுத்தாமல், இது நாடு தழுவிய கேடயத்தின் போர் மேலாண்மை ரேடாராக இருக்கலாம் என்ற வாதத்தையும் வாஷிங்டனில் பலர் தூக்கிப் பிடித்தார்கள். அது பலவீனமான வாதம். இந்த வகை ரேடார் மீட்டர் கணக்கில் நீளும் அலைகளில் இயங்குவது. அணுகுண்டு வெடிப்புகள் வான்மண்டலத்தைக் கலக்கிவிட்டால் அந்த அலைகளுக்குக் கண் மறைத்துவிடும். வெடிமுனையைத் துல்லியமாகப் பின்தொடரவும் அது தோதில்லை. மிகைப்படுத்திய பகுதி ஆட்டம் கண்டதும், உறுதியான பகுதியின் மேலும் சந்தேகம் விழுந்தது.

அமெரிக்காவின் கையும் முழுச் சுத்தம் என்று சொல்ல முடியாது. கிரீன்லாந்தின் தூலே, இங்கிலாந்தின் ஃபைலிங்டேல்ஸ் ஆகிய இடங்களில் ஒப்பந்தத்துக்கு முன்பிருந்தே அவர்களுக்கு எச்சரிக்கை ரேடார்கள் இருந்தன. அவற்றைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் புது வகை ரேடார்களை வைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. இது புதுப்பித்தல், அனுமதிக்கப்பட்டது என்றது வாஷிங்டன். பழைய பெயரில் புது ரேடார், அதுவும் அடுத்தவர் நாட்டில் என்றது மாஸ்கோ. 1985 அக்டோபரில் அமெரிக்கா அந்த 1972 ஒப்பந்தத்துக்கே புதிய 'விரிந்த' பொருள்கூறலை அறிவித்தது. விண்வெளியில் வைக்கும் புதுவகைத் தற்காப்புக் கருவிகளைச் சோதிக்க ஒப்பந்தம் தடையில்லை என்பது அதன் சாரம். ஒப்பந்தத்தைப் பேசி முடித்தவர்களில் சிலரும் செனட்டில் பலரும் அதை ஏற்கவில்லை.

அதே மாதம் மாஸ்கோ ஒரு பண்டமாற்று பேசிப் பார்த்தது. நீங்கள் தூலேயையும் ஃபைலிங்டேல்ஸையும் நிறுத்துங்கள், நாங்கள் இதை நிறுத்துகிறோம். விண்வெளி கண்காணிப்பு ரேடார் என்று சாதித்துக்கொண்டிருந்தவர்கள் அதை எதற்காக விலை பேச வேண்டும் என்று யாரும் கேட்காமல் இல்லை. அமெரிக்கா மறுத்துவிட்டது. மீறிக் கட்டியதை விற்று லாபம் பார்க்க விட்டால், நாளைக்கு வேறொன்றைக் கட்டி அதையும் விலை பேசுவார்கள் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு சரி என்றே படுகிறது.

1987 செப்டம்பர்: நேரில் பார்த்தவர்கள்

சோவியத் தலைவர் கோர்பச்சேவ் காலத்தில் காற்று மாறியது. 1987 செப்டம்பர் 5 அன்று அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்கள் மூவர், உதவியாளர்களும் ஒரு செய்தியாளரும் உடன்வர, அந்த நிலையத்துக்குள் அனுமதிக்கப்பட்டார்கள். ஒப்பந்தத்தில் இதற்கு இடமே இல்லை. முழுக்க மாஸ்கோவின் விருப்பத்தால் நடந்தது. அவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகைப்படங்கள் எடுத்தார்கள்.

உள்ளே கண்டது பாதி கட்டிய, கட்டுமானத் தரம் சுமாரான ஒரு கட்டிடம். அணுத் தாக்குதலைத் தாங்கும்படி பலப்படுத்தியதாகத் தெரியவில்லை. மின்னணுக் கருவிகள் பெரும்பாலும் வந்து சேரவே இல்லை. முடிய இன்னும் ஆண்டுகள் ஆகும் என்று மதிப்பிட்டார்கள். போர் மேலாண்மைக்கு இது ஆகாது, முன்னெச்சரிக்கைக்காகக் கட்டியதாகத்தான் தோன்றுகிறது, இன்னும் இயங்கவில்லை என்பதால் இப்போதைக்கு மீறல் ஆகவில்லை என்று திரும்பி வந்து சொன்னார்கள்.

அவர்கள் சொன்னதை இரண்டு தரப்பும் தமக்கு வேண்டியபடி எடுத்துக்கொண்டன. ஆனால் கவனித்துப் பார்த்தால் மாஸ்கோவுக்குத்தான் அடி. முன்னெச்சரிக்கை ரேடார் என்றால் ஆறாவது பிரிவு நேராகப் பாயும். விண்வெளி கண்காணிப்பு என்ற விளக்கம் சரிந்துவிட்டது. மிச்சம் இருந்தது 'வைத்தல்' என்ற ஒரு சொல் மட்டும். கட்டி முடித்து இயக்கினால்தான் வைத்ததாகுமா, அடித்தளம் போட்டாலே வைத்ததாகுமா? ஒப்பந்தம் அதைத் தெளிவாகச் சொல்லவில்லை. பெரிய ரேடாருக்குப் பல ஆண்டுகள் ஆகும் என்பதுதான் அந்த விதிக்கே அடிப்படை. முடிந்த பிறகுதான் கேள்வி கேட்கலாம் என்றால் விதியே வீண் என்ற அமெரிக்க நிர்வாகத்தின் வாதம் இந்த ஒரு புள்ளியில் வலுவானது.

பின்வாங்கல்

அடுத்த மாதமே, அக்டோபரில், கட்டுமானத்தை ஓராண்டு நிறுத்திவைப்பதாக மாஸ்கோ அறிவித்தது. 1988 ஆகஸ்டில் ஜெனீவாவில் ஒப்பந்தத்தின் ஐந்தாண்டு மறு ஆய்வு நடந்தபோது, ரேடாரை இடிக்காத வரை புதிய ஆயுதக் குறைப்பு ஒப்பந்தம் எதுவும் முடியாது என்று அமெரிக்கா சொல்லிவிட்டது. தேவைப்பட்டால் ஒப்பந்தத்தின் அடிப்படையையே தகர்க்கும் மீறல் என்று அறிவிக்கும் உரிமையையும் கையில் வைத்துக்கொண்டது. செப்டம்பரில் கோர்பச்சேவ் க்ராஸ்நோயார்ஸ்க் நகரத்துக்கே போய், நிலையத்தைப் பன்னாட்டு விண்வெளி மையமாக மாற்றிவிடலாம் என்று ஒரு யோசனை சொன்னார். முகத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் வழிதான். யாரும் பிடித்துக்கொள்ளவில்லை.

1989 செப்டம்பரில் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் இரு நாட்டு வெளியுறவு அமைச்சர்களும் சந்தித்தார்கள். ரேடாரை எந்த நிபந்தனையும் இல்லாமல் இடித்துவிடுகிறோம் என்று சோவியத் தரப்பு ஒப்புக்கொண்டது. நீண்டதூர ஆயுதக் குறைப்பையும் விண்வெளித் தற்காப்பையும் சேர்த்தே பேச வேண்டும் என்ற பிடிவாதத்தையும் அங்கே தளர்த்தியது. ஒரு மாதம் கழித்துத்தான் தொடக்கத்தில் சொன்ன அந்த நாடாளுமன்றப் பேச்சு. முழு உண்மை நாட்டின் தலைமைக்கே உடனே தெரியவில்லை, தெரிந்துகொள்ள ஆண்டுகள் பிடித்தன என்றும் அமைச்சர் அதில் சொன்னார். அதே பேச்சில்தான் ஆப்கானிஸ்தானில் படை நுழைந்ததையும் தவறென்று ஒப்புக்கொண்டார்; அதனால் ரேடார் பற்றிய பகுதி பலர் நினைவில் நிற்கவில்லை.

சரி, இத்தனைக்கும் நடுவே அந்த ரேடார் உண்மையில் யாருக்கு ஆபத்து? யாருக்கும் பெரிய ஆபத்தில்லை என்பதே என் கணிப்பு. வடகிழக்கில் இருந்து எதுவும் வரவில்லை என்று மாஸ்கோவுக்கு நிச்சயமாகத் தெரிவது அமெரிக்காவுக்கும் நல்லதுதான். அதை இடித்ததில் அந்தத் திசையின் குருட்டுத்தன்மை அப்படியே நீடித்தது. ஆனால் ஒப்பந்தம் நோக்கத்தைப் பார்த்து விதி எழுதவில்லை, இடத்தைப் பார்த்து எழுதியது. இந்த ரேடார் நல்லதுக்குத்தான் என்று விட்டுவிட்டால், அடுத்ததை எந்தக் கணக்கில் தடுப்பது?

எதை மாற்றியிருக்கலாம்

முதலாவது அந்த விதிவிலக்கு. முன்னெச்சரிக்கை ரேடாரும் விண்வெளி கண்காணிப்பு ரேடாரும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும்போது, ஒன்றுக்கு இட வரம்பும் இன்னொன்றுக்கு முழுச் சுதந்திரமும் கொடுத்தது எழுதியவர்களின் தவறு. திறன் 30 லட்சத்தைத் தாண்டும் எந்த ரேடாரானாலும், பெயர் என்னவானாலும், கட்டுவதற்கு முன் ஆணையத்துக்கு இடமும் திசையும் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு வரி இருந்திருந்தால், மாஸ்கோ ஒன்று கேட்டிருக்க வேண்டும், அல்லது முதல் மண்வெட்டியிலேயே அகப்பட்டிருக்கும். 'வைத்தல்' என்பதற்கு அடித்தளம் தோண்டுவதையே தொடக்கமாக வரையறுத்திருக்க வேண்டும். தூலே மாதிரியான இடங்களில் புதுப்பித்தல் எங்கே முடிகிறது, புதிதாகக் கட்டுவது எங்கே தொடங்குகிறது என்பதையும் எழுதியிருக்கலாம்.

நேரில் பார்க்கும் உரிமை பற்றி எனக்கு இரண்டு மனம். 1972இல் அதைக் கேட்டிருந்தால் ஒப்பந்தமே வந்திருக்காது. 1987இல் நடந்த அந்த ஒரு வருகை நான்கு ஆண்டு வாக்குவாதத்தைவிட அதிகம் தெளிவுபடுத்தியதும் உண்மை. அதே ஆண்டு டிசம்பரில் கையெழுத்தான நடுத்தரத் தூர ஏவுகணை ஒப்பந்தத்தில் நேரடிச் சோதனை விரிவாகவே இடம்பெற்றது.

அமெரிக்கத் தரப்பில் மாற வேண்டியது சொல்லும் முறை. நிரூபிக்க முடிந்ததை மட்டும் சொல்லியிருந்தால் நடுநிலையாளர்களின் ஆதரவு முன்பே கிடைத்திருக்கும். சோவியத் தரப்பில், கட்டிடத்துக்கு ஒப்புதல் தரும் மேசையில் ஒப்பந்தம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். உறைநிலத்தில் கட்டாமல் மிச்சம் பிடித்த பணம் எவ்வளவாக இருந்தாலும், ஆறு ஆண்டு பேச்சுவார்த்தைத் தேக்கமும் கடைசியில் இடிப்பதற்கான செலவும் அதைத் தின்றிருக்கும்.

அப்புறம் நடந்தது

ரேடார் இடிந்தது, ஒப்பந்தம் பிழைத்தது. சோவியத் ஒன்றியம் போன பிறகும் ரஷ்யாவுடன் அது தொடர்ந்தது. 2001 டிசம்பர் 13 அன்று அமெரிக்க அதிபர் புஷ், 15ஆம் பிரிவின்படி ஆறு மாத முன்னறிவிப்புக் கொடுத்தார். வேறு சிறிய நாடுகளும் பயங்கரவாதக் குழுக்களும் ஏவுகணை பெறும் ஆபத்தே அவர் சொன்ன காரணம். 2002 ஜூன் 13 அன்று ஒப்பந்தம் முடிந்தது. மறுநாளே, இரண்டாம் நீண்டதூர ஆயுதக் குறைப்பு ஒப்பந்தம் தன்னைக் கட்டுப்படுத்தாது என்று ரஷ்யா அறிவித்தது. அமெரிக்கா அலாஸ்காவிலும் கலிபோர்னியாவிலுமாக 44 இடைமறி ஏவுகணைகளை நிறுவியது. 1972இன் எண் வரம்பில் பாதிகூட இல்லை. 2018 மார்ச் 1 அன்று புதின் கேடயங்களைத் தாண்டிச் செல்வதற்கென்றே செய்த புதிய ஆயுதங்களை அறிமுகப்படுத்தியபோது, 2002 விலகலைத்தான் காரணமாகச் சுட்டினார்.

அதற்குச் சில வாரங்கள் முன்பு, 2017 டிசம்பரில், ரஷ்யா மூன்று புதிய 'வரோனெஷ்' வகை முன்னெச்சரிக்கை ரேடார்களைப் பணியில் சேர்த்தது. அதில் ஒன்று நிற்பது யெனிசெய்ஸ்க் பக்கம். பழைய நிலையத்தோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது, தொழிற்சாலையில் செய்த பகுதிகளைக் கொண்டுவந்து பொருத்துவது. எல்லையில் இருந்து அது எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஜெனீவாவில் கேட்க இப்போது ஆணையம் எதுவும் இல்லை.